வாயின் தூய்மையும் வாயில் வாழும் உயிர்களும்

இமாம் நவவி (1233–1277) இயற்றிய மின்ஹாஜ், ஷாபிஈ மத்ஹப் என்னும் சட்டப்பள்ளியின் பெரும்பாலான சட்ட நூல்களைப் போலவே தூய்மை பற்றிய பகுதியுடன் தொடங்குகிறது. தொழுகைக்கும் ஸகாத்துக்கும் நோன்புக்கும் முன்பாகத் தண்ணீரின் வகைகளும், நஜீஸ் எனப்படும் அசுத்தங்களின் வகைகளும், வுழூ என்னும் உறுப்புக் கழுவலின் கடமைகளும் அங்கே பேசப்படுகின்றன. வுழூவின் ஸுன்னத்துகள், அதாவது கடமையாக இல்லாவிட்டாலும் நபிவழி என்பதால் விரும்பப்படும் செயல்கள், எண்ணப்படும் இடத்தில் பல் துலக்குவதே முதலில் வருகிறது. சொரசொரப்பான எப்பொருளாலும் துலக்கலாம், துலக்குபவரின் சொந்த விரல் அதற்குப் போதாது, தொழுகைக்கு நிற்கும்போதும் வாயின் வாடை மாறியபோதும் அது வலியுறுத்தப்படும், நோன்பாளிக்கு மட்டும் நண்பகல் சாய்ந்த பிறகு அது மக்ரூஹ், அதாவது தவிர்ப்பது நல்லது என்று நவவி மிகச் சில சொற்களில் அதைச் சொல்லி முடித்துவிடுகிறார். இலங்கை முஸ்லிம்களில் மிகப் பெரும்பாலோர் பின்பற்றும் மத்ஹப் இது என்பதால், திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே, கொட்டியார் குடாவை ஒட்டிக் கிடக்கும் கிண்ணியாவில், பள்ளிவாசலின் ஹவ்ழ் என்னும் நீர்த்தொட்டியின் கரையில் குந்தியிருந்து சட்டைப்பையிலிருந்து மிஸ்வாக் குச்சியை எடுப்பவரும், வீட்டுக் கிணற்றடியில் தூரிகையும் பற்பசையுமாக நிற்பவரும் ஏறத்தாழ எழுநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர் எழுதப்பட்ட அதே விதியின் நிழலிலேயே நிற்கின்றனர்.

பல் துலக்குவது வாயைத் தூய்மையாக்கும், இறைவனின் உவப்பையும் பெற்றுத்தரும் என்ற கருத்தில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வழியாக ஒரு நபிமொழி அறிவிக்கப்பட்டுள்ளது. இந்த நபிமொழியைக் கேட்டுப் பழகிய சமூகத்தின் முன் இன்றைய நுண்ணங்கியியல் ஒரு வினாவைக் கொண்டுவந்து வைக்கிறது. நலமான வாயில் நூற்றுக்கணக்கான வகைப் பக்டீரியாக்கள் வாழ்கின்றன, அவற்றுட் பல உடலுக்கு உதவுகின்றன, அவற்றை முற்றாகக் கொன்றொழிப்பது தீமையாகவே முடியும் என்று அத்துறை கூறுகிறது. நன்மை தரும் பக்டீரியாக்களை மாத்திரையாக்கி வாயில் இட்டுக் கரைக்கவும் அது சொல்லத் தொடங்கியிருக்கிறது. அப்படியானால் தூய்மையான வாய் என்பது எது, அந்தத் தூய்மைக்கும் வழிபாட்டுக்கும் உள்ள உறவு என்ன?

வாயின் உயிர்களை முதலிற் கண்டவர் ஒல்லாந்து நாட்டின் டெல்ஃப்ட் நகரத்துத் துணி வணிகரான அன்ரனி வான் லீவன்ஹூக். தாமே கடைந்த கண்ணாடி வில்லையினூடாகத் தமது பல்லிடுக்கில் படிந்திருந்த வெண்ணிற மாவை நோக்கிய அவர், அதற்குள் நெளிந்தோடும் சிற்றுயிர்களைக் கண்டு 1683இல் லண்டன் ரோயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதினார். நாள்தோறும் உப்பிட்டுப் பல் தேய்த்த மனிதர் அவர் என்பது இங்கே கவனிக்கத்தக்கது. வினாகிரி அவ்வுயிர்களைக் கொல்வதை வில்லைக்கடியில் கண்டவர், அதைக் கொண்டு வாயைக் கொப்பளித்தபோது படிவின் உட்புறத்தில் இருந்தவை உயிருடன் எஞ்சியதையும் கண்டார். பற்படிவு என்பது பக்டீரியாக்கள் தாமே சுரக்கும் பசைக்குள் அடுக்கடுக்காகக் குடியேறி அமைக்கும் ஓர் உயிர்ப்படலம் என்று இன்றைய பாடநூல்கள் விளக்கும் செய்தியின் முதற் சான்று அந்த வினாகிரிச் சோதனையே.

அதற்கு இருநூறு ஆண்டுகள் கழித்து, பேர்லினில் பணிபுரிந்த அமெரிக்கப் பல் மருத்துவர் வில்லோபி மில்லர், வாய்ப் பக்டீரியாக்கள் மாவையும் சீனியையும் அமிலமாக்குகின்றன, அந்த அமிலம் பல்லைக் கரைப்பதே சூத்தை என்று 1890இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். 1924இல் கிலியன் கிளார்க் சூத்தைப் பற்களிலிருந்து பிரித்தெடுத்துப் பெயரிட்ட ஸ்ட்ரெப்டோகொக்கஸ் மியூட்டன்ஸ், பிற்காலத்தில் அந்த நோயின் முதன்மைக் குற்றவாளியாகக் கருதப்பட்டது. குற்றவாளி அகப்பட்டுவிட்டால் அழிப்பதுதானே வேலை என்ற எண்ணம் ஒரு தலைமுறைக்கு மேல் பல் மருத்துவத்தை ஆண்டது. கிருமிகளை ஒன்றுவிடாமல் கொல்வதாக வாய் கொப்பளிக்கும் மருந்துகளின் விளம்பரங்கள் இன்றும் கூறும் வாக்குறுதி அந்த எண்ணத்தின் மிச்சமே. ஆனால் மியூட்டன்ஸ் இருந்தும் சூத்தை வராத வாய்கள் உண்டு என்பதும், அது மிகக் குறைவாக உள்ள வாயிலும் சூத்தை உண்டாவதும் அந்தக் கணக்கைக் குழப்பின. 1994இல் பிரித்தானிய நுண்ணங்கியியலாளர் பிலிப் மார்ஷ் முன்வைத்த கருதுகோள் இதனைச் சூழலின் வழியாக விளக்கியது. அடிக்கடி சீனி உண்ணும் வாயில் அமிலம் நீடித்து நிற்கிறது, அமிலத்தைத் தாங்கக்கூடிய இனங்கள் பெருகுகின்றன, தாங்கமுடியாதவை பின்வாங்குகின்றன, அதனால் மேலும் அமிலம் சுரக்கிறது. நோயின் வேர் இந்தச் சமநிலைக் குலைவிலேயே இருக்கிறதேயொழிய ஏதோ ஓர் இனத்தின் வருகையில் இல்லை.

எழுநூறு வரையிலான இனங்கள் மனித வாயில் அறியப்பட்டுள்ளன. அவற்றுள் நாக்கின் பின்புறத்தில் வாழும் சிலவற்றின் தொழில் தனித்துச் சொல்லத்தக்கது. கீரை வகைகளில் உள்ள நைத்திரேற்று என்னும் உப்பு குடலில் உறிஞ்சப்பட்டு இரத்தத்தினூடாக உமிழ்நீருக்குத் திரும்பி வருகிறது; அதனை நைத்திரைற்றாக மாற்றும் ஆற்றல் மனித உயிரணுக்களுக்கு மிகக் குறைவு, நாக்கின் பக்டீரியாக்களுக்கோ நிறைய உண்டு. அவை மாற்றிக்கொடுத்ததை விழுங்கும் உடல், அதிலிருந்து இரத்தக் குழாய்களைத் தளர்த்தும் நைத்திரிக் ஒட்சைட்டைப் பெறுகிறது. உடல்நலமுள்ள 19 பேர் ஏழு நாட்கள் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிகொல்லியால் வாய் கொப்பளித்த ஓர் ஆய்வில், அவர்களது இரத்த அழுத்தம் இரண்டு முதல் மூன்றரை மில்லிமீற்றர் வரை உயர்ந்ததை அமிர்தா அலுவாலியாவின் லண்டன் ஆய்வுக் குழுவினர் 2013இல் வெளியிட்டனர். இந்த உயர்வு சிறியதுதான், ஆய்வும் சிறியதுதான். எனினும் வாயைக் கிருமியற்ற வெளியாக்குவது உடலின் வேறொரு மூலையில் விலை கேட்கக்கூடும் என்பதை அது சுட்டிக்காட்டியது.

போதிய அளவில் உட்கொள்ளப்படும்போது உட்கொள்பவருக்கு நலம் பயக்கும் உயிருள்ள நுண்ணங்கிகளே புரோபயோட்டிக் என 2001இல் உலக சுகாதார நிறுவனமும் உணவு விவசாய நிறுவனமும் கூட்டிய நிபுணர் குழு வரையறுத்தது. வாய்க்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்டவற்றுள் நன்கு அறியப்பட்டது, நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் ஜோன் டேக் ஆராய்ந்த ஸ்ட்ரெப்டோகொக்கஸ் சலிவாரியஸ் கே12. தொண்டை நலமாயிருந்த ஒரு பிள்ளையின் வாயிலிருந்து பெறப்பட்ட இந்த வகை, தொண்டை அழற்சியை உண்டாக்கும் தன் உறவினமான பக்டீரியாவைத் தடுக்கும் புரதங்களைத் தானே சுரக்கிறது. உழுது வெறுமையாக விடப்பட்ட வயலை முதலில் பிடிப்பது களை என்பதால் அந்த இடத்தில் முன்னரே பயிரை நட்டுவைப்பது போன்ற சிந்தனையே இம்முயற்சிக்கு அடிப்படை. பின்லாந்தின் ஹெல்சிங்கியில் ஒன்று முதல் ஆறு வயதுக்குட்பட்ட 594 பிள்ளைகளுக்குப் பகற்பராமரிப்பு நிலையங்களில் லாக்டோபசிலஸ் ரம்னோசஸ் ஜிஜி கலந்த பாலும் சாதாரணப் பாலும் ஏழு மாதங்கள் கொடுத்துப் பார்த்ததில், கலந்த பாலைக் குடித்தவர்களிடம், குறிப்பாக மூன்று நான்கு வயதினரிடம், சூத்தை குறைந்திருந்ததாக 2001இல் முடிவு வந்தது. ஆயினும் இப்படி இடப்படும் உயிர்களுட் பல வாயில் நிலையாகக் குடியேறுவதில்லை, உட்கொள்வதை நிறுத்தினால் சில வாரங்களில் மறைந்துவிடுகின்றன. விற்பனையாளர் கூறும் அளவுக்கு ஆய்வுகள் இன்னும் கூறவில்லை.

நுண்ணுயிரை வளர்த்து உண்பது கிண்ணியாவுக்குப் புதிதன்று. மகாவலியின் கழிமுகத்தை அண்டிய மேய்ச்சல் தரைகளில் வளரும் எருமைகளின் பாலைக் காய்ச்சி, ஆறவைத்து, முந்தைய நாள் தயிரில் ஒரு கரண்டியை உறையாக இட்டு மண் சட்டியில் ஊற்றிவைத்தால், பாலின் இனிப்பை லக்டிக் அமிலமாக்கும் பக்டீரியாக்கள் பெருகிப் பாலைக் கட்டியாக்குகின்றன, சட்டியின் நுண்துளைகள் மிகுந்த நீரை உறிஞ்சிக்கொள்கின்றன. 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான பாலம் திறக்கப்படும்வரை துறையடியில் பாதை எனப்படும் மிதவையில் ஏறிக் கடந்து திருகோணமலைக்குப் போன அந்தத் தயிர்ச் சட்டிகள், நல்ல பக்டீரியா என்ற பெயரை யாரும் அறியாத காலத்திலேயே கோடிக்கணக்கான உயிர்களைச் சுமந்து சென்றன. ஆனால் தயிரைப் பற்களுக்கான மருந்தாகக் காட்டுவது மிகையாகிவிடும். பல்லின் வெளிப்படை pH எனப்படும் அமில அளவு 5.5க்குக் கீழே கரையத் தொடங்குகிறது. தயிரின் அமிலம் அதைவிடக் கடுமையானது, எனினும் அதிலேயே நிறைந்திருக்கும் கல்சியமும் பொஸ்பேற்றும் பல்லைக் காப்பாற்றிவிடுகின்றன. அதே தயிரின் மேல் கித்துள் பாணியை ஊற்றி உண்ணும்போது கணக்கு மாறுகிறது. மேலும், தயிரை ஆக்கும் லாக்டோபசிலஸ் குடும்பத்தின் உறவினங்களே ஆழமான சூத்தைக் குழிகளில் மிகுதியாகக் காணப்படுகின்றன. சட்டியில் செய்யும்போது உணவாகும் அதே அமிலம் குழியில் செய்யும்போது நோயாகிறது. செய்யும் தொழிலில் எந்த மாற்றமும் இல்லை.

இவ்விடத்தில் அறிவியலின் செய்தி இஸ்லாமிய இறையியலின் பழைய வழக்கொன்றைத் தொடுகிறது. பொருள்களிலும் செயல்களிலும் நன்மை தீமை இயல்பாகவே உறைகின்றன, பகுத்தறிவு அவற்றை அறியும் என்றனர் முஃதஸிலாக்கள்; இறைவனின் ஏவலும் விலக்கலுமே ஒன்றை நல்லதாகவும் தீயதாகவும் ஆக்குகின்றன என்றனர் அஷ்அரிகள். அஷ்அரி மரபைச் சேர்ந்த இமாம் கஸ்ஸாலி (1058–1111) தமது அல்இக்திஸாத் நூலில் இந்த வழக்கை ஆராயும்போது, மக்கள் பேச்சுவழக்கில் நல்லது என்பது பேசுபவரின் நோக்கத்துக்குப் பொருந்துவது, தீயது என்பது அதற்கு முரணானது என்று பிரித்துக்காட்டி, ஓர் அரசன் கொல்லப்படுவது அவனது பகைவர்க்கு நல்லதாகவும் நண்பர்க்குத் தீயதாகவும் தோன்றுவதை உதாரணமாக வைக்கிறார். நல்ல பக்டீரியா, கெட்ட பக்டீரியா என்ற இன்றைய வழக்கு கஸ்ஸாலி சுட்டிய அந்தப் பேச்சுவழக்கைச் சேர்ந்தது. மியூட்டன்ஸ் தனக்குக் கிடைத்த சீனியைத் தின்று வாழ்கிறது. அது பல்லுக்கு எதிராகச் சதிசெய்யவில்லை. ஓர் உயிரை அதன் இயல்பிலேயே தீயது என்று முத்திரையிடுவதற்கு நுண்ணங்கியியலும் இடம்தருவதில்லை, அஷ்அரி இறையியலும் இடம்தருவதில்லை. இரண்டும் வெவ்வேறு காரணங்களுக்காக அதை மறுக்கின்றன என்பதை மறக்காதவரை இந்த ஒற்றுமை பயனுள்ளது.

வேறுபாட்டை மறப்பவர்கள் நிறைய உண்டு. கண்ணுக்குத் தெரியாத கிருமிகளை ஒழிக்கவே மார்க்கம் மிஸ்வாக்கை ஏவியது, அறிவியல் இன்றுதான் அதைக் கண்டுபிடித்தது என்ற வாதம் மேடைகளில் வழக்கமாகிவிட்டது. மிஸ்வாக் குச்சி தரும் சல்வடோரா பெர்சிகா என்ற மரம் தமிழில் உகாய் எனப்படும். அரபு நிலத்தில் மட்டுமன்றி இலங்கையின் வறண்ட கரையோரங்களிலும் தமிழகத்திலும் வளர்கிறது, குறுந்தொகைப் பாட்டிலும் அது இடம்பெறுகிறது. அதன் வேரில் உள்ள பென்சைல் ஐசோதயோசயனேற்று என்ற காரப்பொருள், முரசு நோயோடு தொடர்புடைய கிராம் எதிர்வகைப் பக்டீரியாக்களை விரைந்து கொல்வதையும், கிராம் நேர்வகையினரை அவ்வளவாகத் தீண்டாததையும் சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவன ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்டனர். (கிராம் என்பது டென்மார்க்கைச் சேர்ந்த ஓர் ஆய்வாளரின் பெயர், அவர் கண்ட சாயம் ஒட்டுகிறதா இல்லையா என்பதைக் கொண்டு பக்டீரியாக்கள் இவ்விரு வகைகளாகப் பிரிக்கப்படுகின்றன.) இது மதிக்கத்தக்க செய்தி. ஆனால் ஸுன்னத்தின் மதிப்பை இதன் மேல் கட்டுவது ஆபத்தானது. கிருமி கொல்வதே சிறப்பு என்று நேற்று மெச்சியவர்கள், கிருமிகளைக் காப்பதே சிறப்பு என்று இன்று ஆய்வு திரும்பும்போது என்ன சொல்வார்கள்? சொரசொரப்பான எப்பொருளும் போதும் என்று நவவி எழுதியபோது, அந்த விதி எந்த மரத்தின் வேதியியலையும் சார்ந்திருக்கவில்லை.

சட்டநூல்களின் தூய்மை சுகாதாரத்தின் தூய்மையோடு முற்றாக ஒன்றாகாது என்பதற்கு அந்நூல்களுக்குள்ளேயே சான்று இருக்கிறது. தண்ணீர் கிடைக்காதவர் மண்ணில் கையடித்து முகத்தையும் கைகளையும் தடவும் தயம்மும் தொழுகைக்குரிய அனுமதியைத் தருகிறது. அழுக்குப் போவதாக அங்கே யாரும் கருதுவதில்லை. இதைவிடத் துலக்கமான சான்று, சாதாரணப் பார்வைக்குப் புலப்படாத அளவிலுள்ள நஜீஸ் தண்ணீரைக் கெடுக்காது என்று நவவி தரும் தீர்ப்பு. ஈயின் காலில் ஒட்டி வரக்கூடிய அளவை மனத்தில் வைத்தே சட்ட அறிஞர் இதை விளக்குகின்றனர். மனிதக் கண்ணின் எல்லையையே கடமையின் எல்லையாக வகுத்த இந்தத் தீர்ப்பு, லீவன்ஹூக்கின் வில்லைக்கு நானூறு ஆண்டுகளுக்கு முற்பட்டது. வில்லை வந்தபின்னும் அது செல்லும், ஏனெனில் உருப்பெருக்கியைக் கையில் வைத்துக்கொண்டு தொழுமாறு எவரும் பணிக்கப்படவில்லை. உயிரோடிருக்கும் மனிதனின் உமிழ்நீர் தூயது என்பதும் அதே மத்ஹபின் முடிவு. எழுநூறு இனங்கள் நீந்தும் அந்த உமிழ்நீர், சட்டத்தின் பார்வையில் எந்தக் குறையும் இல்லாதது. ஷாபிஈ சட்டம் கேட்ட தூய்மை ஒருபோதும் உயிரின்மையாக இருந்ததில்லை என்று சொல்வதற்கு இவ்வளவே போதுமானது. வாயிலுள்ள உயிர்களின் செய்தியால் அதிர்ச்சியடைய வேண்டியது கொப்பளிக்கும் மருந்தின் விளம்பரம்தான்.

எல்லையைத் தாண்டித் தூய்மை தேடுபவரைப் பற்றி கஸ்ஸாலி தமது இஹ்யா என்ற நூலில் கடுமையாக எழுதியிருக்கிறார். உடலை அசுத்தத்திலிருந்தும், உறுப்புகளைப் பாவத்திலிருந்தும், உள்ளத்தை இழிகுணத்திலிருந்தும், உள்ளத்தின் உள்ளறையை இறைவனல்லாத யாவற்றிலிருந்தும் தூய்மையாக்குவது என நான்கு படிகளை வகுத்த அவர், முதற்படியிலேயே வாழ்நாளைக் கழிப்பவர்களைக் கண்டிக்கும்போது, முற்கால நபித்தோழர்கள் புறத்தூய்மையில் எளிமையாகவும் அகத்தூய்மையில் கண்டிப்பாகவும் இருந்ததை எடுத்துக்காட்டுகிறார். வுழூவில் ஒரு மயிரளவு நனையாமற் போயிற்றோ என்று மீண்டும் மீண்டும் கழுவும் ஐயநோயாளி அவரது கண்டனத்துக்கு இலக்காகிறார். அதே மனிதர் ஹவ்ழை விட்டு வெளியேறியதும் வெற்றிலையும் பாக்கும் புகையிலையும் மெல்லத் தொடங்கினால் அதை எப்படிச் சொல்வது என்ற வினா கிழக்கிலங்கையில் வெறும் கற்பனையாகாது. பாக்கு புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று சர்வதேச புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் தீர்மானித்தது. இலங்கை ஆண்களிடையே முதன்மையாக நிற்கும் புற்றுநோய்களுள் வாய்ப்புற்று ஒன்று. வாய்க்கு நல்ல பக்டீரியாவைத் தேடிக் கடைக்குப் போவதற்கு முன்பாகக் கைவிடவேண்டியது எது என்பதில் மருத்துவருக்கும் ஆலிமுக்கும் கருத்து வேறுபாடு இருக்க நியாயமில்லை.

நோன்பாளியின் வாய் இந்த வினாவை அதன் உச்சத்துக்குக் கொண்டுசெல்கிறது. உண்ணாமலும் குடிக்காமலும் இருக்கும் பகற்பொழுதில் உமிழ்நீர் குறைகிறது, உயிர்வளி எட்டாத நாக்கின் பின்புறப் பிளவுகளில் வாழும் பக்டீரியாக்கள் புரதத்தைச் சிதைத்துக் கந்தகம் கலந்த வாயுக்களை வெளியிடுகின்றன, வாயின் வாடை மாறுகிறது. இந்த வாடை இறைவனிடத்தில் கஸ்தூரியினும் மணமானது என்ற கருத்துள்ள நபிமொழியை அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். அதனாலேயே நண்பகல் சாய்ந்த பிறகு துலக்குவதை ஷாபிஈ மத்ஹப் தவிர்க்கச் சொல்கிறது. வீரமரணம் எய்தியவரின் இரத்தம் கழுவப்படாமல் விடப்படுவதைப் போலவே வழிபாட்டின் சுவடு விடப்பட வேண்டும் என்பது அதன் நியாயம். ஆனால் உள்ளிப்பூண்டு தின்றவர் பள்ளிவாசலை அணுகவேண்டாம் என்று அருகிலிருப்போரின் மூக்கையும் கருதிய மார்க்கம் இதுவே. ஹனபி மத்ஹப் நோன்புப் பகல் முழுவதும் துலக்க அனுமதிக்கிறது. மின்ஹாஜில் மக்ரூஹ் என்று எழுதிய நவவியே தமது பெருநூலான மஜ்மூவில் சான்றுகளை எடைபோட்டு, மக்ரூஹ் இல்லை என்ற கருத்தைத் தெரிவுக்குரியதாகக் கொண்டார். ஒரே இமாமின் இரு நூல்களில் இரு பக்கமும் நிற்கும் அளவுக்கு இது திறந்த வினா. கந்தக வாயு மணமானது என்று நபிமொழி வேதியியல் பேசவில்லை. ஒரு செயலின் மதிப்பு அதன் உடற்சுவடு மனிதருக்கு எப்படித் தோன்றுகிறது என்பதைப் பொறுத்ததன்று என்கிறது. அருவருப்பு தூய்மைக்கு இறுதி அளவுகோலாகாது என்ற இந்தச் சிந்தனை, நுண்ணங்கிகளைப் பற்றிய எந்த ஆய்வையும்விட ஆழமாகத் தூய்மையின் பொருளைக் கேள்விக்குள்ளாக்குகிறது.

வாய்நாற்றத்துக்கெனவும் விற்கப்படும் கே12 போன்ற உறிஞ்சு மாத்திரைகளைப் பற்றி எழக்கூடிய சட்டக் கேள்விகள் இதனோடு ஒப்பிட எளியவை. மூலவுயிர் மனித வாயிலிருந்து வந்தது என்பது ஷாபிஈ நோக்கில் தடையாகாது, மனிதனும் அவன் உமிழ்நீரும் தூயவை என்பதால். கவனிக்கவேண்டியது அதன் கூட்டுப்பொருள்களை: மது தானாகவே வினாகிரியாவதையும் தோல் பதனிடப்படுவதையும் போன்ற ஒருசிலவற்றைத் தவிர, பொருள் உருமாறினால் நஜீஸ் நீங்கும் என்ற வாதத்தை இந்த மத்ஹப் ஏற்பதில்லையாதலால், பன்றியிலிருந்து பெற்ற ஜெலற்றின் உறையில் வரும் புரோபயோட்டிக் அனுமதிக்கப்படாது. ரமழானில் காலமும் கவனிக்கப்பட வேண்டும். கரைந்த பொருள் தொண்டைக்குள் இறங்கினால் நோன்பு முறியும் என்பதால் பகலில் அதற்கு இடமில்லை. இரவு பல் துலக்கிய பிறகு இட்டுக் கரைக்குமாறே இம்மாத்திரைகள் பெரும்பாலும் பரிந்துரைக்கப்படுகின்றன. தராவீஹ் என்னும் இரவுத் தொழுகை முடிந்து உறங்கப்போகும் நேரமோ, ஸஹர் உணவுக்குப் பின் பல் துலக்கி, வைகறைத் தொழுகைக்கான பாங்கு ஒலிப்பதற்கு முன் அது கரைந்து முடியும் நேரமோ அதற்குப் பொருந்தும்.